நன்றியுரை

ஒளிவிழா நாடகத்தில் நான்தான் ஏரோது.
பெண்கள் பள்ளிக்கூடம்.
கொடுங்கோலனும் இரட்டைச் சடையோடுதான்
காலையில் வகுப்புக்கு வரவேண்டும்.
கறுப்புக் கம்பளி நூலில் ஒட்டிய தாடி
வியர்வையில் ஒரு பக்கம் தொங்கியது.

இதற்காகக் கணித ரியூசன் ஏழு நாள் போகவில்லை.
அம்மாவுக்குத் தெரிந்தது மூன்று.

வகுப்பில், பஸ்ஸில், கலியாண வீட்டில்
என் கைகளை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியாது.
மேடையில் தெரியும்.

அன்றைக்கு
ஞானிகள் மூவரும் முன்னால் நிற்க,
அதிபர் அழைப்பிதழால் விசிறிக்கொண்டிருக்க,
வாயைத் திறந்தேன்.
வசனம் இல்லை.
நித்திரையில் கேட்டாலும் சொல்லுவேன் என்று
பெருமையடித்த அதே வசனம்.
கூரை விசிறி ஒரு சுற்று.
இன்னொரு சுற்று.

திரைச்சீலை ஓரமாக
அடுத்த காட்சிக்குக் காத்திருந்த ஆடு
மெல்லச் சொன்னது:
"போய்த் தேடுங்கள். கண்டால் எனக்கும் சொல்லுங்கள்."

ஆறாம் தரத்து நிதுர்ஷா.
செட்டியார் தெருக் கடையில் வேலை முடிந்து
அவளுடைய அம்மா வர ஆறு மணியாகும்.
அதுவரை போக்கிடமில்லாமல்
எங்கள் ஒத்திகை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தவளை
பாவம் பார்த்து, பஞ்சு ஒட்டி, ஆடாக்கினோம்.
எல்லோருடைய வசனமும் அவளுக்குப் பாடம்.
அவளுக்குத்தான் வசனம் இல்லை.

கைதட்டினார்கள்.
குனிந்தேன். நன்றாகவே குனிந்தேன்.

நன்றியுரையும் நான்தான்; குரல் பெரிதாம்.
ரீச்சர் எழுதித் தந்த தாளில்
பிரதம விருந்தினர் அவர்களுக்கு,
அதிபர் அவர்களுக்கு,
பழைய மாணவிகள் சங்கத்துக்கு,
கதிரை தந்தவருக்கு, ஒலிபெருக்கிக்காரருக்கு.
நன்றியுரை தொடங்கினால் சனம் எழும்பும்.
கதிரைகள் இழுபட்டன,
பற்றிஸ் பெட்டிக்கு வரிசை நீண்டது.
"ஈற்றில்" என்ற சொல்லுக்குப் பிறகு
ஒரு மூச்சு இடம் இருந்தது.
ஓர் ஆடு நிற்கப் போதுமான இடம்.

சொல்லவில்லை.
சொன்னால்
நான் மறந்தது எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

பிறகு லீவு.
கொட்டாஞ்சேனை முழுக்க நட்சத்திரக் கூடுகள்.
எங்கள் வீட்டில் மேசையைச் சுற்றியிருந்து
காஜுவும் பூசினித் தோசியும் வெட்டும் மாசம்.
வருசா வருசம் எனக்கு அதே மழுங்கல் கத்தி.
நள்ளிரவுப் பூசைக்குப் பையைத் திறந்து காட்டி
உள்ளே போனோம்.
அதுவும் இப்போது வழமைதான்.

அம்மாவிடம் ஒரு கொப்பி இருக்கிறது.
தீபாவளிக்கு யார் வீட்டு முறுக்கு,
பெருநாளுக்கு யார் வீட்டு வட்டிலப்பம்,
எங்கள் கேக் எத்தனை துண்டு எந்தக் கதவுக்கு.
நன்றிக்கும் வரவு செலவு.
"இன்னொரு தட்டு வேணும்" என்றேன்.
"ஆருக்கு?"
"ஆட்டுக்கு."
அம்மா கேக் கத்தியைக் கீழே வைத்துவிட்டு
என்னைப் பார்த்தா.

ஐந்தாம் மாடி. லிப்ட் வேலை செய்யவில்லை.
படிக்குப் படி ஒத்திகை.
"நிதுர்ஷா, அன்றைக்கு நீ மட்டும்..."
வேண்டாம், மிகை நடிப்பு.
"உனக்கு நான் கடமைப்பட்டு..."
ஐயோ, அது ரீச்சருடைய தாள்.

கதவைத் திறந்தாள், பஞ்சில்லாமல்
இன்னும் சின்னதாக.
கைகள் இரண்டும் தட்டில் இருந்தன;
வைக்க இடம் தேடவேண்டியிருக்கவில்லை.
வாயைத் திறந்தேன்.

உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது.

அவள் எட்டி என் காதுக்குப் பக்கமாக,
"ஹப்பி கிறிஸ்மஸ் எண்டு சொல்லோணும் அக்கா."

வெறுந்தட்டு அனுப்பக்கூடாதென்று
அவளுடைய அம்மா சீனி போட்டுத் தந்தா.
மூன்றாம் மாடியில் விரலால் தொட்டு நக்கினேன்.
இரண்டாம் மாடியில்தான் நினைவு வந்தது,
நான் சொல்லப் போனதை
இன்னும் சொல்லவில்லை.

சீனி சிந்தச் சிந்தத்
திரும்பவும் ஏறினேன்.